கொழும்பில் விசேட கல்வி ஆசிரியராவது எப்படி: தகைமை, பயிற்சி, பதிவு பற்றிய முழுமையான வழிகாட்டி

“விசேட கல்வி டீச்சராகிறதுக்கு லைசன்ஸ் எங்கே எடுக்கலாம்?” வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த வேலையை யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இலங்கையில் அப்படி ஒரு லைசன்ஸ் இல்லை. மருத்துவருக்கு மருத்துவ சபை இருக்கிறது, சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்கிறார். ஆசிரியர் எல்லோரையும் பதிவுசெய்து அனுமதிப்பத்திரம் கொடுக்கும் சபை எதுவும் இங்கே இயங்கவில்லை.

அதற்காக எந்தத் தகைமையும் தேவையில்லை என்று ஆகிவிடாது. அரசாங்கப் பாடசாலையில் உங்கள் நியமனக் கடிதமே அனுமதி. தனியார் இடத்தில் நிர்வாகம் கேட்பதுதான் சட்டம். சிகிச்சை என்ற பெயரில் செய்யும் வேலைக்கு மருத்துவ சபைப் பதிவு வேண்டும். ஆகவே எந்தத் தாள் தேவை என்பதை நீங்கள் வேலை செய்யப்போகும் இடம் தீர்மானிக்கிறது. நம்மவர்கள் பலர் செய்வது தலைகீழ். முதலில் ஏதோ ஒரு டிப்ளோமாவுக்குக் காசு கட்டுகிறார்கள், பிறகு அது எங்கே செல்லும் என்று விசாரிக்கிறார்கள். இந்த வழிகாட்டி இடத்திலிருந்து தொடங்குகிறது.

முதற்படி: எங்கே வேலை செய்யப்போகிறீர்கள்?

கொழும்பில் விசேட தேவையுள்ள பிள்ளைகள் படிக்கும் இடங்கள் பலவகை.

சாதாரண அரசாங்கப் பாடசாலைகளுக்குள் இருக்கும் விசேட கல்வி அலகுகள் ஒரு வகை. ஒரு வகுப்பறை, ஓரிரு ஆசிரியர்கள், வெவ்வேறு வயதில் வெவ்வேறு தேவைகளோடு பிள்ளைகள். அடுத்தது அரச உதவி பெறும் விசேட பாடசாலைகள். 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கி, பிறகு இரத்மலானையில் நிலைகொண்ட செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலைகள் இந்த வகையில் மூத்தவை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலை பெயர்பெற்றது.

சர்வதேசப் பாடசாலைகள் தனி உலகம். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை. இலங்கை ஆசிரியர் சேவை விதிகள் அங்கே செல்லாது. ‘ஷாடோ டீச்சர்’ என்று ஒரு பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்து உதவும் வேலை பெரும்பாலும் இங்கேதான். சம்பளத்தைப் பல இடங்களில் பெற்றோரே கொடுக்கிறார்கள். கடைசியாகத் தொண்டு நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் நிலையங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை வழங்கும் அமைப்புகள் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. வேலைக்குப் போகுமுன் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, உங்கள் அனுபவக் கடிதத்தின் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: அரசாங்கப் பாடசாலை என்றால்

இங்கே அடிப்படை ஆவணம் இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு. 2014 ஒக்டோபர் 23ஆம் திகதிய 1885/38 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியானது. யார் எந்தத் தரத்தில் சேரலாம், எப்போது பதவி உயர்வு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்து ஒருமுறை வாசித்துவிடுங்கள். வாசிக்காமல் “அக்கா சொன்னா, மாமா சொன்னார்” என்று போகிறவர்கள்தான் கடைசியில் வலயக் கல்வி அலுவலகத்தில் அலைகிறார்கள்.

க.பொ.த உயர்தரம் முடித்தவர்களுக்கு வழி தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானவை இந்தக் கல்லூரிகள். இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுபயிற்சி. முடிவில் கற்பித்தலுக்கான தேசிய டிப்ளோமா. இசட் புள்ளி அடிப்படையில் அனுமதி. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வர்த்தமானியில் வரும். அந்த அறிவித்தலில் பாடநெறி, கல்லூரி, மொழிமூலம் என்று ஓர் அட்டவணை இருக்கும். விசேட கல்வி என்ற வரிக்கு நேராக மொழிமூலம் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் விண்ணப்பத்தை நிரப்பவே வேண்டாம். அந்த வருடம் தமிழ்மூலம் இல்லையென்றால், ஆரம்பக் கல்வி போன்ற பாடநெறியில் சேர்ந்து, சேவைக்குள் போன பிறகு விசேட கல்விப் பயிற்சி பெறுவது நடைமுறைக்கு ஏற்ற சுற்றுவழி.

பட்டதாரிகளுக்கு ஒழுங்கு வேறு. ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்ததும் விண்ணப்பித்து, போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை தாண்டி நியமனம் பெறுவது முதலாவது. அப்புறம் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. பதவி உயர்வின்போது இது இல்லாமல் நகரமுடியாது. முதலிலேயே டிப்ளோமாவை முடித்துவைப்பதும் நல்லதே, அறிவித்தலில் அது மேலதிகத் தகைமையாகக் கேட்கப்படும்போது கைகொடுக்கும். பயிற்சியில்லாமல் ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் கலாசாலைகளின் இரண்டு வருடப் பயிற்சி இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கொழும்பில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சின் கீழ். மற்றவை மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். இரண்டுக்கும் ஆட்சேர்ப்பு அறிவித்தல் தனித்தனியாக வரலாம். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என நான்கு கல்வி வலயங்கள். வெற்றிடம் எங்கே என்று அறிய உங்கள் வலய அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்திப்பதே குறுக்குவழி. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமையில் வரும். தமிழ்ப் பிரதியைப் பார்த்தாலும் சந்தேகமான இடத்தில் சிங்களப் பிரதியோடு ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்பில் வரி விட்டுப்போவது புதிதல்ல.

மூன்றாம் படி: எங்கே படிப்பது?

மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம், 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அங்கே உட்படுத்தல் கல்விக்கென்று, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் சாதாரண வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பதற்கென்று, ஒரு துறை உண்டு. சேவையில் உள்ள ஆசிரியர்களுக்கான பயிற்சிகளுக்கு அதுதான் தாய்வீடு. பாடத்திட்டத்தையும் ஆசிரியர் கைந்நூல்களையும் தயாரிப்பதும் இதே நிறுவகம் என்பதால் இங்கே பெறும் பயிற்சிக்கு அரசாங்கப் பாடசாலைகளில் தனி மதிப்பு.

நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கானது. அதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கெனத் தனித் துறை இருக்கிறது, பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி வரை போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பொதுவானது, ஆனால் ஆசிரியர் சேவைக்குத் தேவையானதும் அதுவே. எந்த இடமானாலும் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வருடம் தமிழ்மூலக் குழு தொடங்குகிறதா? கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பாடசாலை, யார் வந்து பார்ப்பார்? தமிழ்மூலம் என்று கையேட்டில் அச்சடித்திருந்தாலும், போதிய விண்ணப்பம் வராவிட்டால் குழு தொடங்காமல் போகலாம். விருப்பமுள்ள நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே தடவையில் விண்ணப்பிப்பது இதற்கு நல்ல மருந்து.

நான்காம் படி: தனியார் டிப்ளோமாவை உரசிப்பார்ப்பது

காசு அதிகம் போவதும் ஏமாற்றம் அதிகம் வருவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலி வீதியில் பஸ்ஸில் போனாலே ‘ஆறு வாரத்தில் விசேட தேவைக் கல்வி டிப்ளோமா’ என்ற வகைப் பலகைகள் கண்ணில் படும். பாடத்தில் பிழை இருக்கவேண்டும் என்றில்லை, நல்ல விரிவுரையாளர்களும் அங்கே இருக்கலாம். பிரச்சினை பெயரில்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 12 மட்டங்கள். சாதாரண தரம் முதலாம் மட்டம், உயர்தரம் இரண்டாம் மட்டம், டிப்ளோமா மூன்றாம் மட்டம், உயர் டிப்ளோமா நான்கு, பொதுப் பட்டம் ஐந்து, சிறப்புப் பட்டம் ஆறு, பட்டப்பின் டிப்ளோமா எட்டு. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலம். ஆக 1,500 மணித்தியாலம். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, களப்பயிற்சி எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆறு சனிக்கிழமை, தலைக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் வகுப்பில் இருப்பது 30 மணித்தியாலம். மீதி 1,470 மணித்தியாலம் எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள். அந்தப் படிப்பை அறிமுகச் சான்றிதழாக எடுத்துக்கொண்டால் பிரச்சினையில்லை. டிப்ளோமா விலை கொடுத்து வாங்கினால்தான் நட்டம்.

அடுத்து, நிறுவனத்தின் பதிவு. தொழிற்கல்வி வழங்கும் நிறுவனங்கள் நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்ய வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, அந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. விளம்பரத்தில் முதலாவதைப் பெரிதாகப் போட்டு இரண்டாவதைப் பற்றி மூச்சே விடாத இடங்கள் உண்டு. தேசிய தொழிற்றகைமையில் (என்.வி.கியூ) 5ஆம், 6ஆம் மட்டங்கள்தான் டிப்ளோமா நிலை. 4 வரை உள்ளவை சான்றிதழ்கள்.

பிரித்தானியத் தகைமை என்று சொன்னால், வழங்கும் அமைப்பின் பெயரையும் தகைமை இலக்கத்தையும் கேட்டு, ஒஃப்குவால் என்ற அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பகிரங்கப் பதிவேட்டில் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இலக்கம் தரத் தயங்கினால் அதுவே பதில்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான நடத்தைப் பகுப்பாய்வுப் பயிற்சி, அதாவது ஏ.பி.ஏ, கொழும்பில் நன்றாக விலைபோகிறது. அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ்ச் சபையான பி.ஏ.சி.பியின் சான்றிதழுக்கு இது வழி என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். 2023 ஜனவரி முதல் அந்தச் சபை அமெரிக்கா, கனடா உள்ளிட்ட சில நாடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறது. இலங்கையில் இருந்துகொண்டு புதிதாக அந்தச் சான்றிதழைப் பெறமுடியாது. பயிற்சியில் பயன் இருக்கலாம், ஆனால் சான்றிதழைக் காட்டிக் கட்டணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் படிக்கும் யோசனை நம்மவர்களுக்கு இயல்பாக வரும். அது நல்ல யோசனையும்கூட. தமிழில் கற்பித்தல் உபகரணங்களும் பேச்சுப் பயிற்சிப் பொருள்களும் அங்கே தாராளம். அங்கே இந்திய மறுவாழ்வுச் சபை 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசேட கல்விப் படிப்புகளை அங்கீகரித்து, படித்தவர்களை மத்தியப் பதிவேட்டில் சேர்க்கிறது. நாம் இல்லை என்று சொன்ன லைசன்ஸ் இந்தியாவில் உண்மையாகவே இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. ஆனால் அந்தப் பதிவு இங்கே தானாகச் செல்லாது. பட்டத்துக்கு கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதம் தேவைப்படும். சேருமுன்பே அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கே விசாரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: உதவியாளர்கள், பராமரிப்பாளர்கள், ஷாடோ டீச்சர்கள்

ஆசிரியரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சாப்பாடு ஊட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பிள்ளை ஓடும்போது பின்னால் ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி என்ன? இலங்கையில் இவர்களுக்கு ஒரே தேசிய நிபந்தனை கிடையாது. பராமரிப்பாளருக்கான தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் முன்கற்றலை மதிப்பிடும் முறையிலும் அதைப் பெறலாம். முன்பள்ளியில் வேலை என்றால் மேல் மாகாணத்தில் முன்பிள்ளைப் பருவக் கல்விக்கான மாகாண அதிகாரசபையின் நிபந்தனைகளைப் பாருங்கள்.

சான்றிதழ் எதுவாக இருந்தாலும், ஒரு நிலையத்தில் கால்வைக்கும் யாருக்கும் கட்டாயமாக இருக்கவேண்டியது முதலுதவி. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் நடத்தும் வகுப்புகள் போதும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் கொழும்பு நடுவிலும் இன்னும் போகவில்லை. வாயில் கரண்டி வைப்பது அதைவிட ஆபத்து. செய்யவேண்டியது இவ்வளவுதான்: சுற்றியுள்ள பொருள்களை நகர்த்துங்கள், தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள், முடிந்ததும் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பிள்ளைக்கு அது முதல் வலிப்பு என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

ஷாடோ டீச்சராகப் போகிறவர்கள் பெற்றோரிடமும் பாடசாலையிடமும் எழுத்தில் ஓர் உடன்பாடு வாங்குங்கள். யார் சம்பளம் தருவது, பிள்ளை வராத நாளுக்குச் சம்பளம் உண்டா, வகுப்பாசிரியர் சொல்வதைக் கேட்பதா பெற்றோர் சொல்வதையா? இந்த மூன்றாவதில்தான் சண்டை வரும். “அன்ரி, மிஸ் அப்படிச் சொல்லேல்லையே” என்று தினமும் இரண்டு பக்கமும் தூது போகவேண்டிய நிலை வந்தால் பிள்ளைக்கும் உதவாது.

ஆறாம் படி: சிகிச்சை என்றால் மருத்துவ சபை

பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, இயன்மருத்துவம், கேட்பியல் ஆகியவை மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள். மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொழும்பு 10, நொரிஸ் கனால் வீதியில் உள்ள இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இருக்கிறது, நான்கு வருடம், ஆங்கிலமூலம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே வேறு பக்கம் போய்விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். தமிழில் பேச்சுச் சிகிச்சை தேடி அலையும் பெற்றோருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆசிரியருக்கு இதிலிருந்து ஓர் எல்லைக்கோடு கிடைக்கிறது. வகுப்பில் மொழி விளையாட்டு நடத்தலாம், பென்சில் பிடிக்கப் பழக்கலாம். ‘தெரபிஸ்ட்’ என்று பெயர்ப்பலகை போடக்கூடாது. “உங்கட பிள்ளைக்கு ஓட்டிசம்” என்று பெற்றோரிடம் சொல்வதும் உங்கள் வேலை அல்ல. கவனித்ததைத் திகதியோடு எழுதிக்கொடுத்து, சிறுவர் மருத்துவரிடமோ சிறுவர் உளநல மருத்துவரிடமோ போகச் சொல்லுங்கள். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, ராகமவில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென உள்ள அயதி நிலையம் ஆகியவை கொழும்புப் பெற்றோருக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஏழாம் படி: கோப்பைத் தயார்செய்வது

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பட்டமும் பெறுபேற்று விவரமும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், அனுபவக் கடிதங்கள். இவற்றில் தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒருவிதம், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொருவிதம், பட்டத்தில் மூன்றாவது விதம். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்றை இப்போதே முடித்துவையுங்கள், நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் ஓடவேண்டாம். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே போங்கள்.

அனுபவக் கடிதத்தில் ‘நல்லொழுக்கமுள்ளவர்’ என்ற வரி எல்லோருக்கும் எழுதப்படுவது. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, என்ன தேவைகள், நீங்கள் என்ன கற்பித்தீர்கள் என்று எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டாம் படி: வேலையில் சேர்ந்த பிறகு

உடல்தண்டனைக்குத் தடை உண்டு. கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கையை எடுத்து வாசியுங்கள். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு “ஒரு அடி போட்டாத்தான் விளங்கும்” என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள், அந்தச் சம்மதம் உங்களைக் காப்பாற்றாது. துஷ்பிரயோகம் பற்றிய சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது. பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தையும் முதல்நாளே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் எழுதப் பழகுங்கள். “மொழியாற்றலை மேம்படுத்தல்” என்று எழுதினால் அது திட்டமாகாது. “தண்ணீர் வேண்டுமென்றால் படத்தைக் காட்டிக் கேட்பார், ஐந்து தடவையில் நான்கு தடவை, இந்தத் தவணை முடிவுக்குள்” என்று எழுதினால் அம்மம்மாவும் வீட்டில் பார்த்துச் செய்யலாம். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள்.

சாதாரண வகுப்பில் படிக்கும் உங்கள் மாணவர் பொதுப் பரீட்சை எழுதப்போகிறார் என்றால் பரீட்சைத் திணைக்களத்தின் விசேட சலுகைகளை ஆரம்பத்திலேயே விசாரியுங்கள். கூடுதல் நேரம், எழுத்துதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள் ஆகியவற்றைத் தேவைக்கேற்பக் கோரலாம். மருத்துவ அறிக்கை வேண்டும், அதிபர் ஊடாகப் போகவேண்டும், பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் காலத்திலேயே போகவேண்டும். அரச வைத்தியசாலையில் அறிக்கை எடுக்க நாளாகும் என்பதால் பரீட்சைக்கு முந்திய வருடமே பெற்றோரிடம் சொல்லி, கிளினிக் திகதியை எடுக்கவைத்துவிடுங்கள்.